முகத்தில் சேறு: பூங்காச் சுற்றில் சைக்கிள் போட்டிக்கு இறங்க நினைப்பவர்களுக்கு

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி ஒன்றில்தான் முதன்முதலாக சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். டவுன் மைதானத்தைச் சுற்றிப் போகிற தார் ரோடு, பன்னிரண்டு ரவுண்ட், முதல் நாள் இரவு பெய்த மழையில் ரோடு முழுக்க ஈரம். விசில் அடித்த நிமிடத்திலிருந்து நான்தான் முன்னால். பதினோரு ரவுண்ட் வரைக்கும் நான்தான் முன்னால். கடைசி ரவுண்டுக்கு மணி அடித்தார்கள், வலது பக்கத்தால் ஒருவர் போனார், இடது பக்கத்தால் இரண்டு பேர் போனார்கள், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். பதினாலாவது இடம். ஓடியதே பத்தொன்பது பேர்.

எங்கள் டவுனில் சைக்கிள் திருத்துகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஒரு காலத்தில் மாவட்ட மட்டத்தில் ஓடியவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, முகம் இவ்வளவு சுத்தமா இருக்கு? ஒருத்தன் பின்னாலயும் போகலையா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. முதலாவதாக வந்த பையனைக் கையால் காட்டினார். அவன் நெற்றி, மூக்கு, பல் எல்லாம் சேறு. அவன் சைக்கிள் என்னுடையதைவிடப் பழையது, கால்கூட என்னுடையதைவிட மெலிந்தது. போட்டி நேரம் முழுக்க அடுத்தவன் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்துவிட்டு, கடைசி இருநூறு மீட்டருக்குத்தான் வெளியே வந்திருக்கிறான்.

பூங்காச் சுற்று, ஏரிச் சுற்று, மைதானச் சுற்று என்று எதை வைத்து நடத்தினாலும் இந்த வகைப் போட்டியின் அடிப்படை இதுதான். பெரிய பாதையில் ஊருக்கு ஊர் போகிற ஓட்டம் வேறு. இது சின்னச் சுற்று, எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள், இத்தனை ரவுண்ட் என்று முன்பே சொல்லிவிடுவார்கள் அல்லது இத்தனை நிமிடமும் அதற்கு மேல் சில ரவுண்டும் என்று வைப்பார்கள், முதலில் கோட்டைத் தாண்டுகிறவர் வென்றவர். ரோட்டை அடைப்பது சுலபம், பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு ரவுண்டும் கண் முன்னால் வந்து போகும், விழுந்தால் தூக்குவதற்கு ஆள் பக்கத்தில் இருக்கும். உலகம் முழுக்க புதிதாக வருகிறவர்கள் இப்படிப்பட்ட சுற்றில்தான் தொடங்குகிறார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு சுற்று இருக்கிறது, 1898 இல் தொடங்கிய ஒரு சைக்கிள் கழகம் இன்றைக்கும் அங்கே போட்டி நடத்துகிறது, நடக்க வருகிறவர்களும் நாய் கூட்டி வருகிறவர்களும் நிறைவதற்கு முன்னால் விடியற்காலையிலேயே முடித்துவிடுவார்கள். 2018 முதல் அந்தச் சுற்றுக்குள் கார் வருவதே கிடையாது. அமெரிக்காவில் ஆட்களை வகுப்பாகப் பிரிக்கிறார்கள், புதியவர் ஐந்தாம் வகுப்பில் தொடங்கி, ஓடி ஓடி ஒன்றாம் வகுப்புக்கு ஏற வேண்டும். நமக்கு இங்கே இலங்கையில் அந்த ஏற்பாடு எல்லாம் கிடையாது, புதியவனும் பத்து வருடம் ஓடியவனும் ஒரே கோட்டில் நிற்போம். அதனால் நமக்கு இந்த விசயம் இன்னும் சீக்கிரம் விளங்க வேண்டியிருக்கிறது.

சரி, காற்றுக்கு வருவோம்.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு உண்டு, எனக்கும் இருந்தது: நாம் ஏற்றத்தில் வளர்ந்தவர்கள், தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறி இறங்கியே கால் இரும்பாகிவிட்டது, சமதரையில் எவன் நம்மை வெல்ல முடியும்? கால் இரும்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்றத்தில் நம்மை இழுப்பது பூமி, சமதரையில் நம்மைத் தடுப்பது காற்று. இரண்டும் வேறு வேறு எதிரிகள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயருகிற ஏற்றத்தில், நுவரெலியா ரோட்டில் லபுக்கலைப் பக்கம் ஏறுகிறவர்களுக்கு இது பழக்கமான சரிவு, மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறினால் அந்த உழைப்பில் காற்றுக்குப் போகிறது நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் உடம்பை மேலே தூக்குவதற்கு. அதே உழைப்பைக் கொண்டுவந்து சமமான ரோட்டில் கொடுத்தால் மணிக்கு 33, 34 கிலோமீட்டர் போகலாம், அப்போது அந்த உழைப்பில் ஐந்தில் நாலு பங்கைக் காற்று தின்றுவிடும். அதோடு முடியவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ளுவதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்காகிறது. 20 இல் போகிறவன் 40 க்குப் போக வேண்டுமானால் இரண்டு மடங்கு மிதித்தால் போதும் என்று நினைத்தால் அங்கேதான் ஏமாறுகிறான்.

முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார், அவருக்குப் பின்னால் ஒரு மறைவு உண்டாகிறது. அந்த மறைவுக்குள் நீங்கள் இருந்தால் அதே வேகத்தில் போக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு குறையும், நாலைந்து பேர் முன்னால் இருந்தால் இன்னும் குறையும். மழைக்காலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்கு இது தெரியும், திடீரென்று யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும் (அதைச் செய்யாதீர்கள், பஸ் பிரேக் போட்டால் உங்கள் முகம் பின்பக்கத்துக் கண்ணாடியில்தான்). இதைத்தான் எங்கள் ஆட்கள் வீல் பிடிப்பது என்பார்கள். அன்றைக்கு நான் பதினோரு ரவுண்ட் முன்னால் போனேன் என்றால், பதினெட்டுப் பேருக்கு நான் இலவசமாகக் காற்றை வெட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று அர்த்தம். ஒருத்தர்கூட நன்றி சொல்லவில்லை.

நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றே கொஞ்சம் மெலிது, கடலோரத்தோடு பார்த்தால் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. அப்படியென்றால் வேகமாகப் போகலாமே என்று தோன்றும். கொஞ்சம் போகலாம். ஆனால் அதே அளவுக்கு மூச்சுக்குக் கிடைக்கிறதும் குறைகிறதே, கொழும்பிலிருந்து வந்து ஓடுகிறவர்கள் மூன்றாவது ரவுண்டில் வாயைப் பிளப்பது அதனால்தான். இந்த ஒரு விசயத்தில் மட்டும் வீட்டு மைதானம் நமக்கு.

வீல் பிடிப்பது எப்படி என்பதுதான் இனிப் பழக வேண்டியது, இதைப் படித்து வராது, பழகித்தான் வரும், ஆனாலும் என்ன பழகுவது என்றாவது தெரிந்திருந்தால் விழுவது குறையும். முதலில் ஒரு சைக்கிள் நீளம் விட்டுப் பின்னால் போங்கள், அந்த தூரத்திலேயே மறைவு கிடைக்கும். பயம் தெளிந்த பிறகு ஒரு மீட்டர், அப்புறம் அதிலும் பாதி. பெரிய ஓட்டக்காரர்கள் ஒரு சாண் விட்டுப் போவதைப் பார்த்து முதல் நாளே அப்படிப் போகாதீர்கள். கண் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். முன்னால் இருக்கிறவரின் டயரையே உற்றுப் பார்த்தால் அவர் அசைகிற அசைவுக்கெல்லாம் நீங்களும் ஆடுவீர்கள். அவர் இடுப்பைப் பாருங்கள், அவருடைய தோளுக்கு மேலாக இன்னும் இரண்டு பேரைத் தாண்டிப் பாருங்கள். டயர் தானாகக் கண்ணின் ஓரத்தில் தெரியும்.

ஒரே ஒரு விதியை மனதில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: உங்கள் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய் நிற்கக் கூடாது. இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று தாண்டி நிற்கும்போது அவர் ஒரு குழிக்கு விலகினால் அவர் பின்சக்கரம் உங்கள் முன்சக்கரத்தைத் தட்டும். தட்டுப்பட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். விழுகிறது நீங்கள்தான், உங்களுக்குப் பின்னால் இருக்கிறவரும்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு, உங்களுக்குப் பின்னாலும் ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. திடீர் பிரேக் வேண்டாம், மிதிப்பதைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், கொஞ்சம் வேகம் கூடிவிட்டது என்றால் உடம்பை நிமிர்த்தினால் போதும், காற்றே பிரேக் போட்டுவிடும். எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் ஒரு சாண் பின்னால் வரும், ஏற்றத்தில் பழகியவர்களுக்கு அடிக்கடி எழுந்து நிற்கிற பழக்கம் உண்டு, பின்னால் வருகிறவன் அதில்தான் மாட்டுவான். குழி இருந்தால் கையால் காட்டுங்கள், கை எடுக்கப் பயமாக இருந்தால் வாயால் கத்துங்கள். தமிழோ சிங்களமோ, "குழி", "வல" என்று எதைக் கத்தினாலும் சுற்றியிருக்கிறவர்களுக்கு விளங்கும்.

இதைப் பழக மூன்று பேர் போதும். நாங்கள் பழகியது தோட்டத்து விளையாட்டு மைதானத்துப் புல்லில், பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, ஆட்கள் கிளம்புகிற நேரத்தில். புல்லில் மெதுவாக, நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு தோளால் தோளை இடிப்போம். முழங்கையை இறுக்கிக்கொண்டு இருக்கிறவன்தான் விழுவான், முழங்கை தளர்ந்து மடங்கியிருந்தால் இடி அங்கேயே கரைந்துவிடும். தண்ணீர்ப் போத்தலைத் தரையில் வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டே குனிந்து எடுப்பதும் இன்னொரு பயிற்சி. கொழுந்துக்குப் போகிற அக்காமார் எங்களைப் பார்த்து, "இதுகளுக்கு விடியக்காலையில வேற வேலை இல்லையா" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். இரண்டு வாரத்தில் கூட்டத்துக்குள் போகிற பயம் பாதி போய்விட்டது.

புல்லில் பழகிய பிறகு ரோடு. ஒருவர் பின் ஒருவராகப் போய், முன்னால் இருக்கிறவர் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இழுத்துவிட்டு, பின்னால் பார்த்து, ஒரு பக்கமாக விலகி, மெதுவாகிக் கடைசிக்கு வர வேண்டும். அடுத்தவர் அதே வேகத்தில் போக வேண்டும். முன்னால் வந்தவுடன் வீரம் வந்து வேகத்தைக் கூட்டுகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார், எங்கள் குழுவில் அது நான்தான்.

இனி வளைவு. சுற்று என்றால் வளைவு இல்லாமல் இருக்காது, மலைநாட்டில் ஈரமில்லாத வளைவும் அபூர்வம். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே போட்டு முடித்துவிடுங்கள், சாய்ந்திருக்கும்போது போட்டால் சக்கரம் வழுக்கும். வளைவின் உட்பக்கத்துக் கால் மேலே, வெளிப்பக்கத்துக் கால் கீழே, உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கீழ்க்காலில். உட்பக்கத்துப் பெடல் கீழே இருந்தால் சாயும்போது தரையில் தட்டும். பார்வை எங்கே போகப் போகிறீர்களோ அங்கே. ரிம்மைப் பிடிக்கிற பிரேக் கட்டை என்றால் மழையில் சக்கரம் ஒன்றிரண்டு தடவை சுழலும் வரைக்கும் அது ரிம்மிலுள்ள தண்ணீரைத்தான் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும், அதைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் முன்னாலேயே தொட்டுப் பாருங்கள். ரோட்டில் போட்டிருக்கிற வெள்ளைக் கோடு, கான் மூடியின் இரும்பு, ஈர இலை எல்லாம் சவர்க்காரம் மாதிரி. நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் ஓட்டுகிறவர்கள் இந்தப் பட்டியலில் குதிரைச் சாணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் வளைவு வரும்போது இன்னொன்று நடக்கும், இது புதியவர்களுக்கு யாரும் சொல்லாத விசயம். முன்னால் இருக்கிறவர் 30 இல் வந்து 28 க்குக் குறைத்து வளைந்து போய்விடுவார். அவருக்குப் பின்னால் இருக்கிறவர் இடைவெளி விடுவதற்காகக் கொஞ்சம் கூடக் குறைப்பார், அடுத்தவர் இன்னும் கொஞ்சம், கடைசி ஆள் 20 க்கு வந்துவிடுவார். வளைவு முடிந்ததும் முன்னால் இருப்பவர் சாதாரணமாகப் போவார், கடைசி ஆளோ விட்டுப்போன தூரத்தைப் பிடிக்க எழுந்து நின்று உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். ஒரு ரவுண்டுக்கு நாலு வளைவு, பன்னிரண்டு ரவுண்ட், ஆக நாற்பத்தெட்டுத் தடவை. மறைவில்தானே இருக்கிறேன், கடைசியில் பாதுகாப்பாக இருப்போம் என்று நினைத்துப் பின்னால் போனவர்கள் பாதிப் போட்டியில் கழன்று விழுவது இதனால்தான். முதல் ஆளாகவும் இருக்கக் கூடாது, கடைசி ஆளாகவும் இருக்கக் கூடாது. இருபது பேர் ஓடினால் நாலாவதிலிருந்து எட்டாவது வரைக்கும் உள்ள இடம்தான் பொன்னான இடம், எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் அங்கே இருக்க முட்டி மோத வேண்டியிருக்கும், இரண்டு பேர் பக்கத்தால் முன்னேறினால் நீங்கள் சும்மா இருந்தாலும் பின்னால் போய்க்கொண்டிருப்பீர்கள்.

சைக்கிளைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது சைக்கிள் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். புதியது வாங்க முடியாதவர்கள் ஜப்பானிலிருந்து வந்த பழைய ரேசிங் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம், ஃபிரேமில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் வெல்டிங் இடங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள். வீட்டில் லுமாலா மாதிரிச் சாதாரண சைக்கிள் இருந்தால் அதிலேயே வீல் பிடித்துப் பழகலாம், ஒன்றும் குறையாது. போட்டிக்குக் கட்டாயம் வேண்டியது ஹெல்மெட், வேலை செய்கிற இரண்டு பிரேக், ஹேண்டிலின் இரண்டு முனையிலும் மூடி. கடைசியில் சொன்னது சின்ன விசயமாகத் தெரியும், மூடியில்லாத குழாய் முனை தொடையில் குத்தியதை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஸ்டாண்டு, கேரியர், பெல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முதல் நாள் மாலை முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஹேண்டில் கழுத்தில் டக் டக் என்று தட்டினால் இறுக்க வேண்டும். அப்புறம் ஒரு சாண் உயரம் தூக்கித் தரையில் போடுங்கள், கழன்றது எதுவாக இருந்தாலும் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். டயரில் காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள், மழை நாளில் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் ரோட்டைப் பிடிக்கும். ரேசிங் டியூபின் மெல்லிய வால்வுக்குப் பெட்ரோல் செட்டில் இருக்கிற குழாய் நேராகப் பொருந்தாது, சின்னப் பித்தளைத் தொப்பி ஒன்று வேண்டும், அதை வாங்கிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஓடுவது? ஏப்ரல் மாதத்துப் புத்தாண்டு விளையாட்டுகள் முதல் வாசல். அதற்கு மேல் போக நினைத்தால் உங்கள் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், போய்ப் பாருங்கள். தேசிய விளையாட்டு விழா பிரதேச மட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாகாணம் என்று ஏறுகிறது, சைக்கிள் ஓட்டமும் அதில் உண்டு. பொம்பளைப் பிள்ளைகளுக்கும் தனிப் போட்டி இருக்கிறது, கேட்டுப் பெயர் கொடுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், மேல் மட்டத்துக்குப் போனால் பொலிஸ், இராணுவம், விமானப்படை அணிகளின் ஆட்களோடு நிற்க வேண்டியிருக்கும், அவர்களுக்கு அதுவே வேலை, அதில் தோற்றால் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுக்க வேண்டியதில்லை.

நீங்களே நாலு பேர் சேர்ந்து நடத்தலாம் என்றால், பொது ரோட்டில் பொலிஸ் அனுமதி இல்லாமல் போட்டி வைக்காதீர்கள். மைதானத்துக்குள், தோட்ட நிர்வாகம் அனுமதி கொடுத்தால் உள்ரோட்டில் வையுங்கள். முதல் தடவைக்கு எல்லோரையும் ஒன்றாக விடாமல் ஒரு நிமிடத்துக்கு ஒருவராக விட்டு நேரம் பார்ப்பது நல்லது, யாரும் யார் மேலும் விழ மாட்டார்கள். பலம் குறைந்தவர்களை முன்னால் அனுப்பிவிட்டு வேகமானவர்களைப் பின்னால் விட்டுத் துரத்த வைப்பதும் உண்டு, பார்க்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வேடிக்கை கிடையாது.

போட்டி நாளில் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு ரொட்டியும் ஒரு பிளேன்டீயும். சம்பலைக் குறைத்துக்கொள்ளுங்கள், உறைப்பு நெஞ்சுக்கு வரும். முக்கால் மணி நேர ஓட்டத்துக்கு இடையில் சாப்பாடு எதுவும் தேவையில்லை. குளிரில் கால் சூடாக நேரம் எடுக்கும் என்பதால் இருபது நிமிடமாவது மெதுவாக ஓட்டி, கடைசியில் இரண்டு தடவை வேகமாக மிதித்துவிட்டுக் கோட்டுக்கு வாருங்கள். கோட்டில் முன்வரிசையில் நில்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். முதல் இரண்டு ரவுண்ட்தான் எப்போதும் பைத்தியக்கார வேகம், அதில் தாக்குப்பிடித்துவிட்டால் மூன்றாவதிலிருந்து மூச்சு வரும்.

அடுத்த சித்திரையில் அதே சுற்றில் திரும்பவும் ஓடினேன். இந்த முறை முன்னால் போகச் சொல்லி இரண்டு பேர் கையைக் காட்டினார்கள், நான் அரை நிமிடம் மட்டும் போய்விட்டு விலகிப் பின்னால் வந்தேன். ஏழாவது ரவுண்டில் வாயை மூடினால் பல்லுக்கிடையில் மணல் நறநறத்தது. மணி அடித்தபோது ஆறாவதாக இருந்தேன், இருநூறு மீட்டருக்குப் பதிலாக அவசரப்பட்டு நானூறு மீட்டரிலேயே வெளியே வந்துவிட்டேன், கோடு வரைக்கும் கால் வரவில்லை. ஒன்பதாவது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், தோளில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினார்.